பணம் இருக்கும் மாதம்

இன்சூரன்ஸ் ஏஜென்டாக ஒரு வீட்டுக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டருக்குக் கீழே இருக்கும் மாதக் காலண்டரை. சீட்டுத் தேதி, குழுக்கடன் வசூல் நாள், பால் கணக்கு, நகை திருப்ப வேண்டிய கெடு எல்லாம் அதில் பேனாவால் கிறுக்கியிருக்கும். "வருஷத்துக்கு எவ்வளவு வரும்ணே?" என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன். காவிரி டெல்டாவில் அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. கேட்டால், "அது மழையைக் கேக்கணும் தம்பி" என்பார்கள்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி வட்டாரம் என்னுடையது. தை, மாசியில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்ட பிறகு கையில் காசு புழங்கும். ஆனியில் பள்ளிக்கூடத்துக்குப் போகும். ஆடியில் மொய்க்குப் போகும். புரட்டாசி, ஐப்பசியில் நடவு, உரம், களையெடுப்பு என்று மிச்சமெல்லாம் வயலுக்குள் இறங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் அடகுக்கடை. சொந்த நிலம் இல்லாத சலூன்காரருக்கும் தையல்காரருக்கும் இதே மாதங்கள்தான். ஊரில் காசு இருந்தால்தான் அவர்கள் கடையில் ஆள் இருக்கும்.

நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். படித்ததில் பெரும்பகுதி மறந்துபோயிற்று. கூடவே வந்தது ஒரு கணக்கு மட்டும். கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி 1738-இல் போட்டது. பீட்டர்ஸ்பர்க் வணிகர் ஒருவர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றுகிறார். பத்திரமாக வந்து சேர்ந்தால் 10,000 ரூபிள். அந்தப் பருவத்தில் 100 கப்பலுக்கு 5 கப்பல் மூழ்கும். காப்பீட்டுக்கு 800 ரூபிள் கேட்கிறார்கள். சராசரி நஷ்டம் 500 தானே, 800 அநியாயம் என்று வணிகருக்குத் தோன்றுகிறது. இந்தச் சரக்கு போக வேறு எவ்வளவு சொத்து இருந்தால் அவர் காப்பீடு வேண்டாம் என்று சொல்லலாம்? சுமார் 5,043 ரூபிள் என்றார் பெர்னூலி. அதற்குக் கீழே இருப்பவர் அநியாய விலை கொடுத்தாவது எடுத்துவிடுவது நல்லது. அதே 800 ரூபிளை வாங்கிக்கொண்டு பொறுப்பேற்பவரிடம் குறைந்தது 14,243 ரூபிள் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். ஏறக்குறைய முன்னூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கில் வாங்குபவன், விற்பவன் இரண்டு பேருமே இருக்கிறார்கள் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

ரூபாயை எண்ணாதே, அந்த ரூபாயால் கிடைக்கும் பயனை எண்ணு என்பதுதான் அதன் சாரம். கையில் குறையக் குறைய ஒவ்வொரு ரூபாயும் கனக்கும். ஒவ்வொரு விளைவும் தரும் பயனை அது நடக்கும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் வருவதை எதிர்பார்ப்புப் பயன் என்று பாடப்புத்தகம் சொல்லும். எங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி நான் போட்ட கணக்கு இது. ஒரு குடும்பத்துக்கு இந்த வருஷம் 2 லட்ச ரூபாய் ஆஸ்பத்திரிச் செலவு வர 50-இல் 1 வாய்ப்பு. சராசரி நஷ்டம் 4,000 ரூபாய். பாலிசி விலை 8,000. பெர்னூலியின் முறைப்படி பார்த்தால், 50 லட்சம் வைத்திருப்பவர் இதற்கு 4,080 ரூபாய்க்கு மேல் தரக் கூடாது. 3 லட்சம் வைத்திருப்பவர் 6,500 வரை தரலாம். எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 20 ஆயிரம் மட்டுமே வைத்திருப்பவர் 10,300 வரை தரலாம். ஆக, 8,000 ரூபாய்ப் பாலிசியை ஓடி வந்து வாங்க வேண்டியவர் இந்த மூன்றாமவர் ஒருவர்தான்.

ஊரில் நடப்பது தலைகீழ். 50 லட்சக்காரர் வருமான வரிக்குக் கழித்துக்கொள்ளலாம் என்று மார்ச் மாதம் தானே போன் போட்டு எடுக்கிறார். மூன்றாமவர் டீ வாங்கிக் கொடுத்து, "அடுத்த மாசம் பாக்கலாம்ணே" என்று அனுப்பிவைக்கிறார். இதை எங்கள் கூட்டங்களில் 'விழிப்புணர்வு இல்லை' என்பார்கள். மேடையில் ஏறும் ஒவ்வொருவரும் சொல்லும் இந்தச் சொல்லை நான் நம்பியதில்லை. தன் வயலின் எந்த மூலையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்தவனுக்கு ஆபத்தைப் பற்றி நான் என்ன விழிப்புணர்வு ஊட்ட?

லோடு ஆட்டோ ஓட்டும் ஒருவர் எனக்கு இதை விளக்கினார். பேராவூரணி சந்தையிலிருந்து தேங்காய் மூட்டை ஏற்றுபவர். கடனில் வாங்கிய வண்டி. இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாமவர் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறவர். அவரிடம் மருத்துவப் பாலிசி பேசினேன். முழுதாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அண்ணே, நான் கட்டாம விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு சாவு. கட்டிட்டு, ஆஸ்பத்திரிக்கும் போயி, அது செல்லாது இது செல்லாதுன்னு நீங்க தள்ளிட்டா ரெண்டு சாவு."

அன்றிரவு உட்கார்ந்து அவர் சொன்னதைக் கணக்கில் ஏற்றிப் பார்த்தேன். 5 கிளெய்மில் 1 தள்ளுபடியாகும் என்று அவர் நினைத்தால், 8,000 ரூபாய் பாலிசி எடுப்பதைவிட எடுக்காமல் இருப்பதுதான் அவருக்கு ஒரு மயிரிழை மேல். காரணம், பிரீமியமும் கட்டி நஷ்டமும் வந்து பணமும் கிடைக்காத அந்த ஒரு நிலைமையில் அவர் கையில் மிஞ்சுவது 12,000 ரூபாய்தான்; பயந்த சுபாவம் உள்ளவனுக்கு அந்த நிலைமை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இதே கணக்கை 50 லட்சக்காரருக்குப் போட்டால் அவருக்கு இதனால் தூக்கம் கெடாது. அன்றைய ஆந்திராவில் மகபூப்நகர், அனந்தபூர் பக்கத்து விவசாயிகளிடம் மழைக் காப்பீடு விற்றுப் பார்த்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபத்துக்கு அதிகம் அஞ்சுகிறவர்களே காப்பீட்டைக் குறைவாக வாங்கினார்கள் என்று பின்னாளில் படித்தேன். பாடப்புத்தகத்துக்கு நேர் எதிர். லோடு ஆட்டோக்காரருக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

ஆகவே என் வேலையில் பாதி, அந்த 5-இல் 1-ஐ 50-இல் 1 ஆக்குவது. அது படிவம் நிரப்பும் இடத்தில்தான் நடக்கிறது. "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டால் முதல் பதில் எப்போதும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல." நான் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்வேன். டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே, பழைய ஜவுளிக்கடைப் பைக்குள், பாதி கிழித்த மெட்ஃபார்மின் அட்டை இருக்கும். "இது சும்மா, டாக்டர் போடச் சொன்னாரு." அந்தச் 'சும்மா'வை மாத்திரைப் பெயரோடு, எந்த வருஷத்திலிருந்து என்பதோடு எழுதுவேன். அட்டையைப் போட்டோ எடுத்து விண்ணப்பத்தோடு வைப்பேன். பிரீமியம் கூடும், சில சமயம் கம்பெனி வேண்டாம் என்றே சொல்லிவிடும், எனக்கு ஒரு பாலிசி போகும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் முன்பு 4 வருஷம் வரை இருந்தது, 2024-இல் அதிகபட்சம் 3 என்று குறைத்தார்கள். அந்த 3 வருஷத்தில் சர்க்கரையால் வரும் எதற்கும் பணம் வராது என்பதை விற்கும் அன்றே, வீட்டு அம்மாவை வைத்துக்கொண்டு சொல்லிவிட வேண்டும். நாளைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப் போகிறவர் அவர்.

பயிர்க் காப்பீடு என் சரக்கு இல்லை. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் அதைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. 2016-இல் வந்த பிரதமர் திட்டத்தில் சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். எங்கள் பக்கம் ஏக்கருக்கு 500 ரூபாய்ச் சொச்சம். மீதியை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன. பெர்னூலி பார்த்தால் கைதட்டுவார். சராசரி நஷ்டத்துக்கும் குறைந்த விலையில் காப்பீடு! இருந்தும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இழப்பீடு வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைப் பொறுத்தது. கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து கயிறு கட்டி அறுத்து, அடித்து, எடை போட்டுச் சராசரி எடுக்கிறார்கள். உங்கள் வயலில் மட்டும் புகையான் பூச்சி விழுந்து, மற்ற வயல்கள் நன்றாக விளைந்திருந்தால் கிராமச் சராசரி சரியாக இருக்கும். உங்களுக்குப் பயிரும் இல்லை, பணமும் இல்லை, கட்டிய 500-உம் இல்லை. ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்த்து நஷ்டம் குறிக்கும் செலவை எந்தத் திட்டமும் தாங்காது என்பது எனக்குத் தெரியும். புகையான் விழுந்தவரிடம் அதைச் சொல்லும் தைரியம்தான் இல்லை.

ஊர் முழுக்க ஒரே நாளில் அடி விழுந்தால் நிலைமை வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. அதுவரை எங்கள் பக்கம் காப்பீடு எடுத்துச் சொல்லவே முடியாத கூட்டம் ஒன்று உண்டு என்றால் அது தென்னந்தோப்புக்காரர்கள். காவிரித் தண்ணீரை நம்ப முடியாமல் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியவர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு வெட்டு காசு. அவர்கள் வீட்டுக் காலண்டரில் வெறும் மாதமே கிடையாது. தென்னையே அவர்களுக்குக் காப்பீடு. தென்னைமரக் காப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று இருந்தது. 16 முதல் 60 வயது வரையிலான மரத்துக்கு 1,750 ரூபாய் காப்பு, பிரீமியம் 14 ரூபாய், மானியம் போக விவசாயி தருவது அதில் கால்பங்கு, அதாவது மூன்றரை ரூபாய். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 245 ரூபாயில் 1,22,500 ரூபாய்க் காப்பு. நான் பேசிய தோப்புக்காரர்கள் சிரித்தார்கள். "மரம் விழுகுமா? எங்க தாத்தா வச்சது தம்பி." அவர்கள் பார்த்த புயல்களில் மட்டை விழுந்திருக்கிறது, குரும்பை உதிர்ந்திருக்கிறது. தோப்பு மொத்தமும் ஒரே திசையில் படுத்து அவர்கள் பார்த்ததில்லை.

புயலுக்குப் பிறகு அரசு மரத்துக்கு 600 ரூபாயும், விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். நிவாரணம் வேண்டாம் என்று சொல்லும் ஆளல்ல நான். அன்று அது இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு தோப்புக்காரரிடம் மூன்றரை ரூபாயைப் பற்றிப் பேசினால், "பெருசா வந்தா கவர்ன்மென்ட் குடுக்கும், சின்னதா வந்தா நாங்களே பாத்துக்குவோம்" என்று பதில் தயாராக இருந்தது. இதற்கும் பதில் சொல்ல முடியவில்லை, அதுவும் ஒரு கணக்குத்தானே.

கஜா இன்னொன்றையும் அசைத்துப் பார்த்தது. ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்து. பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மேஜை மேஜையாக ஆள் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார்கள். லட்சங்களில் வரும். பெரிய கைகளுக்குக் கோடியைத் தொடும். நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் ஒருவர் வைக்கலாம். வாங்கியதை அவரவர் முறை வரும்போது கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதை வேடிக்கையாக எழுதுகிறார்கள். எனக்கு இது என் தொழிலுக்குப் போட்டி. பெண் கல்யாணம், போர்வெல், வைத்தியம் என்று ஒரு வீட்டில் மட்டும் விழும் பாரத்தை ஊரே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. படிவம் இல்லை, காத்திருப்புக் காலம் இல்லை, கிளெய்ம் தள்ளுபடி இல்லை. திருப்பிச் செய்யாதவன் பெயர் கெடும் என்ற பயம் மட்டும்தான் பிணை. ஆனால் கொடுப்பவன் தோப்பும் வாங்குபவன் தோப்பும் ஒரே ராத்திரியில் விழுந்தால்? அடுத்த ஆடியில் எங்கள் பக்கம் நோட்டில் தொகை சுருங்கியது. முறை வந்தும் விருந்தைத் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். ஊருக்குள்ளேயே சுற்றும் பணத்தால் ஊரையே அடிக்கும் நஷ்டத்தைத் தாங்க முடியாது. அதற்கு அலிகாரிலும் அசாமிலும் இருப்பவன் கட்டிய பிரீமியமும் வேண்டும். என் சரக்கின் நியாயம் இந்த ஒரு இடத்தில்தான் சந்தேகமில்லாமல் நிற்கிறது.

தொடக்கத்தில் சொன்ன மாதக் கணக்குக்குத் திரும்புகிறேன். ஐப்பசியில் 8,000 ரூபாய் என்பது 8,000 ரூபாய் அல்ல. மூன்று வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும். தை அறுவடை வரை நான்கு மாத வட்டி 960. அதைவிட முக்கியம், அதே பணம் அப்போது யூரியா, ஆள் கூலி. போடாவிட்டால் மகசூலே இல்லை. சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கான கெடுவும் இந்த நேரத்தில்தான், நவம்பர் நடுவில் முடியும். கெட்ட மாதத்தைப் பார்த்துத் தேதி வைத்த மாதிரி. முன்பு கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் வாங்கினால் பிரீமியத்தைக் கடனிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கேட்காமல் பிடிக்கிறார்கள் என்று எல்லோரும் திட்டினார்கள்; 2020-இல் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. திட்டியவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் மாதப் பிரச்சினையை வேறு யாரும் அவ்வளவு சுலபமாகத் தீர்த்ததில்லை.

கென்யாவில் கரும்பு விவசாயிகளிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே காப்பீடு. முன்கூட்டியே காசு கட்டு என்று கேட்டபோது எடுத்தவர்கள் 5 சதவீதம். அறுவடைக்குப் பிறகு ஆலை தரும் பணத்தில் கழித்துக்கொள்கிறோம் என்றபோது 72 சதவீதம். விலையைத் தொடவில்லை, பிரசங்கம் செய்யவில்லை, தேதியை மட்டும் மாற்றினார்கள். நம் கொள்முதல் நிலையத்தில் நெல் பணம் வங்கிக் கணக்குக்குப் போகும்போதே அடுத்த பட்டத்துக்கான 500 ரூபாயைக் கேட்டுப் பிடித்தால் என்ன என்று நான் அதிகாரிகள் வரும் கூட்டங்களில் எழுந்து கேட்பது வழக்கம். குறித்துக்கொள்வார்கள்.

என் அளவில் நான் செய்வது, பாலிசியைத் தை மாதத்தில் தொடங்குவது. கார்த்திகையில் ஒருவர் சம்மதித்தால்கூட, "பொங்கல் கழிச்சுப் போட்டுக்கலாம்" என்பேன். இடையில் மனசு மாறும், வேறு ஏஜென்ட் உள்ளே புகுந்துவிடுவார், பரவாயில்லை. ஆயுள் காப்பீட்டில் மாதத் தவணைக்குச் சலுகை நாள் 15, மற்றதற்கு 30. மாதத் தவணை சின்னதாகத் தெரியும்; ஆனால் வருமானமே இல்லாத மாதத்திலும் அது வந்து நிற்கும். நாங்கள் லேப்ஸ் என்று எழுதும் பாலிசிகளில் எத்தனையோ இந்த மாதத் தவணைக்காரர்களுடையவை. 436 ரூபாய்க்கு 2 லட்சம் தரும் அரசின் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் திட்டங்கள். மே கடைசியில் எடுப்பார்கள். அந்த வாரம் கணக்கில் 436 ரூபாய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என் ஆட்களுக்குப் போன் போடுவேன். அதில் எனக்குக் கமிஷன் கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலும் கிடையாது. ஆனால் அந்த அட்டை இல்லாத வீட்டில் நான் என் சரக்கைப் பற்றிப் பேசுவதில்லை. வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அதுதான் முதலில்.

எங்கள் வருமானமும் இதே லட்சணம்தான். முதல் வருஷ பிரீமியத்தில்தான் பெரிய கமிஷன், அடுத்த வருஷங்களில் அது சுருங்கிவிடும். அதனால்தான் மார்ச்சில் ஏஜென்டுகள் பேய் பிடித்த மாதிரி அலைகிறார்கள். இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசியை ஒதுக்கிவிட்டு மணிபேக் விற்பதும் இதனால்தான். பிரீமியம் பெரிது, கமிஷனும் பெரிது. வாங்குபவருக்கும், "உயிரோட இருந்தா ஒண்ணும் வராதா?" என்ற வருத்தம் இருப்பதால் இரண்டு பக்கமும் பொருந்திப்போகிறது. மணிபேக்கின் வருவாய் வங்கி வைப்பைவிடக் குறைவாக இருக்கலாம். இருந்தாலும் சீட்டுக் கம்பெனியிடம் ஏமாந்த ஊரில், நினைத்தபோது எடுக்க முடியாத சேமிப்பு என்பதற்கே ஒரு விலை உண்டு என்று நான் நினைக்கிறேன். அதைக் காப்பீடு என்று சொல்லி விற்காமல் சேமிப்பு என்று சொல்லி விற்றால் போதும்.

லோடு ஆட்டோக்காரர் கடைசியில் ஒரு தை மாதம் எடுத்தார். எடுக்கும்போது கேட்டார்: "வண்டி ஓடாத மாசத்துக்கு ஒரு பாலிசி இருக்காண்ணே?" இல்லை. அவரை அதிகம் வாட்டும் ஆபத்து அதுதான், அதை யாரும் விற்பதில்லை. லோடு கிடைக்கவில்லையா, அவர் போகவில்லையா என்று கம்பெனியால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அவர் வைத்திருப்பது மனைவியின் மூன்று பவுன் சங்கிலி. வருஷத்தில் பாதி நாள் அது கூட்டுறவு வங்கியில் இருக்கும். நகைக்கடன் வட்டியையும் என் பிரீமியத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். 20,000, 25,000 ரூபாய் அடிக்குச் சங்கிலிதான் மலிவு. அன்றைய தங்க விலையில் 2 லட்சத்துக்குச் சங்கிலி எட்டாது. எனவே முதல் 25,000 ரூபாயை அவரே ஏற்றுக்கொள்கிற மாதிரி பாலிசியை மாற்றினோம், பிரீமியம் இறங்கியது. சின்ன நஷ்டத்தை நீயே தாங்கு, பெரியதற்குக் காப்பீடு எடு என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. அவர் அதற்குள், குறைந்த பிரீமியத்தில் மிஞ்சிய காசுக்கு ஒரு டயர் மாற்றலாமா என்று பேசத் தொடங்கியிருந்தார்.